கார் பலமாக அடிபட்டால்...

1. நகர்த்தும் முன் நாலாபுறமும் படமெடுங்கள். மோதிய வண்டியின் நம்பரும் தெரியட்டும். தவறு யார் மீது என்ற பேச்சு பிறகு கட்டாயம் வரும்.

2. இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கழற்றிவிட்டால், சேதம் விபத்தில்தான் வந்ததா என்று இழுப்பார்கள். பிரித்தபின் புதிதாக ஏதாவது தெரிந்தால் அவரை மறுபடி வரவழையுங்கள்.

3. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் குறித்த கார் மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டுகிறதா? 'டோட்டல் லாஸ்' (முழு இழப்பு) கேளுங்கள். சேஸி வளைந்த காரை நிமிர்த்தி ஓட்டலாம். ஆனால் நல்ல விலைக்கு விற்பது கஷ்டம்.

4. மறுவிற்பனை மதிப்புக் குறைவை உங்கள் சொந்த பாலிசி தராது. எதிர்வண்டி மீது தவறென்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேளுங்கள். விபத்து நடந்து 6 மாதம் தாண்டினால் மனு சிக்கலாகும். எதிராளியின் தேர்டு பார்ட்டி பாலிசியையும் பாருங்கள்: தனியார் காருக்குப் பொருட்சேத வரம்பு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை மிச்சம்பிடிக்க அதை 6,000 ஆகக் குறைத்தவர்களும் உண்டு.

இந்த இழப்பீடு கிடைத்தே தீரும் என்று நம்ப வேண்டாம். பழைய கார் என்றால் வக்கீல் செலவுக்கே கட்டாது.

5. விபத்துக்கு முன் என்ன விலை, பின் என்ன விலை என்று பழைய கார் வியாபாரிகள் இருவரிடம் எழுதி வாங்குங்கள். வாய்க்கணக்கு எடுபடாது.

6. இன்சூரன்ஸ் நிறுவனம் தரும் 'முழுத்தொகையும் பெற்றேன்' என்ற வவுச்சரில் வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பிறகு வேறெதுவும் கேட்பது கடினம்.