ரெக்சின் கடைசி வேலை, தம்பி!

பழைய பிக்கப்பின் சீட் கிழிந்திருப்பதைப் பார்த்ததும் நேரே சீட் கவர் கடைக்கு ஓடாதே. கிழிசலுக்கு மேலேயே புதுக் கவரை மாட்டினால் கொஞ்ச நாள் பளபளவென்று இருக்கும், உன் இடுப்பு வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். சீட் கெடுவது அடியிலிருந்துதான். முதலில் ஃபிரேமும் ஸ்பிரிங்கும், அடுத்து ஃபோம், ரெக்சின் கடைசி. காசையும் அதே வரிசையில் ஒதுக்கு. மூன்று பேர் உட்காரும் நீள சீட்டுக்குத்தான் இதைச் சொல்கிறேன். டிரைவருக்குத் தனி சீட் இருந்தாலும் வேலை இதேதான்.

கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள். எந்த போல்ட் எங்கே, பெல்ட் எந்த இடுக்கில் வருகிறது என்பதெல்லாம் அப்போது நினைவிருக்கும், மாட்டும்போது இருக்காது. துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே துரு எண்ணெய் அடித்துவிடு. அவசரப்பட்டு ஸ்பானரை மிதித்தால் தரையோடு வெல்டு வைத்த நட்டு பிய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் சீட் வேலை தரை வேலையாகிவிடும்.

சீட்டைத் தூக்கியதும் அடியில் எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தை எடுக்காதே. காய்ந்ததைப் பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும். மாஸ்க், கையுறை போட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துணியால் வழித்தெடு. இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

கவரை உரித்த பிறகு வெறும் ஃபிரேமைக் கையால் அசைத்துப் பார். டிரைவர் பக்கத்துப் பின்மூலையில் வெல்டு விட்டிருக்கிறதா என்று முக்கியமாகக் கவனி. நாள் முழுக்க ஒரே ஆளின் எடையை வாங்குவது அந்த மூலைதான். வெல்டிங்குக்குக் கொண்டுபோகும்போது ஒரு துண்டு ஃபோம்கூட ஒட்டியிருக்கக் கூடாது. குபீரென்று பற்றும், புகையும் விஷம். பிறகு கம்பி பிரஷ், எமரி ஷீட், ஒரு கோட் ரெட் ஆக்சைடு. இது உன் கையாலேயே முடிகிற வேலை.

வளைவு வளைவாக ஓடும் ஸ்பிரிங்கில் டிரைவர் பக்கம் தொய்ந்திருக்கும், நடுவில் புதுசு போல நிற்கும். அளவு ஒன்றாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடு. காசில்லாத வைத்தியம். ஒடிந்ததற்கு மட்டும் புதுசு வாங்கு. ஃபிரேமே போயிருந்தால் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று பழைய சாமான் கடைகளில் தேடலாம்.

ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே சாக்கு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கம்பி ஃபோமை அறுத்துக்கொண்டே கீழே இறங்கும். சணல் சாக்கை இரண்டாக மடித்துச் சணல் கயிற்றால் கட்டு. ஆனால் அரிசி மூட்டைச் சாக்கை அப்படியே போட்டுவிடாதே. அந்த வாசத்துக்கே எலி குடும்பத்தோடு வந்துவிடும். துவைத்து, வெயிலில் முறுமுறுவென்று காயவைத்துப் போடு. பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபிரேமைத் துருவாக்கும்.

இப்போது ஃபோம். ஏமாற்று நடப்பது இங்கேதான். கடையில் ‘40 டென்சிட்டி’ என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று அர்த்தம். கெட்டியா, மெத்தென்றா என்பது வேறு கணக்கு, கையால் அமுக்கி டென்சிட்டியைச் சொல்ல முடியாது. தராசு சொல்லும். 6 அடிக்கு 3 அடி, 2 அங்குல ஷீட் நிஜமாகவே 40 என்றால் ஏறக்குறைய 3.4 கிலோ நிற்க வேண்டும். 2 கிலோதான் காட்டுகிறது என்றால் அது 23. மலிவு மெத்தைக்குப் போடுகிற சரக்கு, வண்டியில் சீக்கிரமே அப்பளமாகும். அடியில் 40, மேலே ஒரு அங்குலத்துக்கு 32 என்று போட்டால் நீண்ட ஓட்டத்துக்கு நன்றாக இருக்கும். பழைய சீட்டில் ரப்பர் கலந்த தேங்காய்நார் அடுக்கு இருந்து, அது உதிராமல் இருந்தால் தூக்கிப் போடாதே. அதில் காற்றோட்டம் இருப்பதால் முதுகு அவ்வளவு வேர்க்காது.

உயரத்தை டிரைவர் பக்கத்துப் பள்ளத்தை வைத்து அளக்காதே. யாரும் அதிகம் உட்காராத நடு இடம்தான் சரியான அளவு. ‘சொகுசா இருக்கட்டும்’ என்று இரண்டு அங்குலம் கூட்டினால் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும், தலை கூரையைத் தொடும். ஒட்டுவதற்கு ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து அமுக்கு. கதவெல்லாம் திறந்து வை, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

தையலைக் கடைக்கே கொடுத்துவிடு. தையல் மெஷினோடு காலம் தள்ளுகிற நானே சொல்கிறேன், பைப்பிங் வருகிற இடத்தில் நாலு மடிப்பு ரெக்சின் சேரும், வீட்டு மெஷினின் ஊசி முறிந்துவிடும். கரூர், நாமக்கல் மாதிரி பாடி கட்டுகிற ஊர்ப் பக்கம் என்றால் கைதேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். பழைய கவரைத் தையல் பிரித்து, துண்டுக்கு ஒரு நம்பர் போட்டு நீயே கொண்டுபோ. டிரைவர் பக்கத் துண்டு இழுபட்டு அளவு கெட்டிருக்கும். அதை வைத்து வெட்டாமல், கதவோரப் பயணி பக்கத் துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டச் சொல். நூல் பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் வெயிலிலும் வேர்வையிலும் இற்றுவிடும். தையல் நெருக்கமாக விழுந்தால் பலம் என்று நினைக்காதே. ஓட்டை கூடினால் ரெக்சின் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழியும். 4 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

நிறம் உன் இஷ்டம். ஆனால் நம்ம ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் கறுப்பு ரெக்சின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய். ஓரத்துக்கு ரெக்சின், உட்காரும் நடுப்பகுதிக்குத் துணி என்பது என் கட்சி. ஏறி இறங்கும்போது தேய்வது கதவோரம்தான், அங்கே ரெக்சின் தாங்கும்.

மாட்டும் அன்றைக்குக் கவரை ஒரு மணி நேரம் வெயிலில் போடு, இளகி வரும். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போ, மூலைகள் கடைசியில். பழைய கவரின் மடிப்புக்குள் இருந்த கம்பியை உருவிப் புதுசில் கோத்திருக்கிறார்களா பார். அது இல்லாவிட்டால் நடுக் கோடு மேலே எழும்பிவிடும். கவரை இழுத்துப் பிடிக்கும் கம்பி வளையமும் அதற்கான பிளையரும் கிடைக்கவில்லையா, பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கு.

சீட்டை வண்டியில் வைத்ததும், போல்ட் போடுவதற்கு முன் பெல்ட் பக்கிளை இடுக்கு வழியாக மேலே எடுத்துவிடு. பெல்ட் போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். தொலைந்துபோனால் அதே எண், அதே அளவுதான். நம்பரில்லாத ஹார்டுவேர் கடை போல்ட் அங்கே கூடாது. ஒரு வாரம் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொரு தரம் இறுக்கு. கண்ணாடிகளை மட்டும் வண்டியை எடுப்பதற்கு முன்பே திருத்திக்கொள், பள்ளம் நிரம்பியதால் நீ இப்போது உயரத்தில் உட்கார்ந்திருப்பாய்.