சம்பளம் எவ்வளவு என்று கேள், தங்கச்சி

வாடகைக்காரர் சங்கமோ, தொழிற்சங்கமோ, பண்ணைத் தொழிலாளர் அமைப்போ, அமெரிக்காவில் எங்கே ஆர்கனைசிங் (மக்களைத் திரட்டும் வேலை) கோடை இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்தாலும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்படாதே. ‘மக்களுக்காகப் போகிறோம், காசைப் பற்றிப் பேசலாமா’ என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோன்றும். கட்டாயம் பேசு. 1964 கோடையில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மிசிசிப்பிக்குப் போன மாணவர்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். கைதானால் ஜாமீனுக்கென்று 500 டாலர் வேறு தயாராக வைத்திருக்கச் சொன்னார்கள். அவர்கள் துணிச்சலைக் கும்பிடுகிறேன். ஆனால் கோடையில் சம்பாதித்தால்தான் அடுத்த செமஸ்டர் என்ற நிலையில் இருக்கும் பிள்ளை எப்படிப் போயிருப்பாள்? வாடகை ஏறுவதும் கூலி பாக்கி நிற்பதும் அவளுக்குத்தான் பட்டுத் தெரியும். சம்பளம் கொடுத்தால்தான் அவளும் இந்த வேலைக்கு வருவாள்.

கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1996-ல் தொடங்கிய ‘யூனியன் சம்மர்’ ஸ்டைபெண்டோடு (உதவித்தொகையோடு) வந்த திட்டம். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் ‘ஸ்டூடண்ட் ஆக்‌ஷன் வித் ஃபார்ம்வொர்க்கர்ஸ்’ அமைப்பு பண்ணைத் தொழிலாளர்களோடு 10 வாரம் வேலை செய்ய மாணவர்களை அனுப்புகிறது. ஸ்பானிஷ் தெரிந்தால் அங்கே பெரிய பலம். நியூயார்க் குவீன்ஸில் தெற்காசியத் தொழிலாளர் குடும்பங்களை 2000 முதல் திரட்டிவரும் ‘ட்ரம்’ போன்ற அமைப்புகளிடமும் விசாரித்துப் பார். ஜனவரியிலேயே தேட ஆரம்பித்துவிடு, மே மாதம் ரொம்பத் தாமதம்.

அமைப்பிடம் பணம் இல்லையென்றால் உன் காலேஜிடம் கேள். ஃபெடரல் வொர்க்-ஸ்டடி என்ற, மாணவர் வேலைக்கான அரசு நிதியில் குறைந்தது 7 சதவீதத்தைக் காலேஜ்கள் சமூக சேவை வேலைகளுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. உனக்கு வொர்க்-ஸ்டடி தகுதி இருந்தால், கோடைக்கும் அதைத் தருவார்களா என்று நிதியுதவி அலுவலகத்தில் நேரில் போய்க் கேள்.

ஊரிலிருந்து எஃப்-1 விசாவில் வந்து படிக்கிறாயா? அப்படியென்றால் சி.பி.டி (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) அனுமதி ஐ-20 படிவத்தில் ஏறாமல் முதல் நாள் வேலைக்குக்கூடப் போகாதே. அதற்கு இந்த வேலை உன் படிப்போடு சேர்ந்ததாக இருக்க வேண்டும், பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்திருக்கவும் வேண்டும். ‘ஸ்டைபெண்ட்தானே, சம்பளம் இல்லையே’ என்று யார் சொன்னாலும் நம்பாதே. சர்வதேச மாணவர் அலுவலகம் சொல்வதை மட்டும் கேள்.

இப்போது முக்கியமான விஷயம். ஆர்கனைசிங் என்று விளம்பரம் செய்துவிட்டு, வீடு வீடாக நன்கொடை வசூலிக்க அனுப்புகிற வேலைகளும் உண்டு. தினமும் இவ்வளவு வசூல் என்று கோட்டா இருக்கும், எட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவும் உழைப்புதான், ஆனால் நீ தேடியது அதுவல்ல. இன்டர்வியூவில் நீயே கேள்: எனக்குப் பயிற்சி கொடுப்பது யார்? வாரத்துக்கு எத்தனை பேரோடு தனியாக உட்கார்ந்து பேசுவேன்? வசூல் கோட்டா உண்டா? மாலை நேரமும் சனிக்கிழமையும் சேர்த்து மொத்தம் எத்தனை மணி நேரம்? தங்க இடம் தருவீர்களா, சொந்தக் கார் என்றால் மைலேஜ் தருவீர்களா? வரிக்கு ஊழியருக்கான டபிள்யூ-2 படிவம் தருவீர்களா, ஒப்பந்தக்காரருக்கான 1099-ஆ? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. 1099 என்றால் பொதுவாகச் சுயதொழில் வரி 15.3 சதவீதம் உன் தலையில்தான் விழும். பயிற்சி கொடுப்பவர் பெயரைச் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு, சம்பளம் அதிகமாக இருந்தாலும் நான் உன்னை அனுப்பமாட்டேன்.

வேலையின் உயிர் ‘ஒன்-ஆன்-ஒன்’. ஒருவரோடு அரை மணி, முக்கால் மணி உட்கார்ந்து பேசுவது. கேள்வித்தாளை நீட்டாதே. இந்தக் கட்டடத்தில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, அக்கம்பக்கத்தில் யார் பேச்சை எல்லோரும் கேட்பார்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அந்த மூன்றாவது கேள்வியில்தான் நீ தேடுகிற தலைவர் கிடைப்பார். 1952-ல் சான் ஹோசேயில் ஃப்ரெட் ராஸ் என்ற ஆர்கனைசர் தேடி வந்தபோது சீசர் சாவேஸ் முதலில் அவரைத் தவிர்த்தார். ராஸ் விடாமல் திரும்ப வந்தார். பத்து வருஷம் கழித்துப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை டோலரஸ் ஹுவெர்ட்டாவோடு சேர்ந்து தொடங்கியவர் அதே சாவேஸ்தான். அதனால் முதல் தடவை கதவு திறக்கவில்லை என்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடாதே.

பேச்சை முடிக்கும்போது ஏதாவது ஒன்றைத் திட்டமாகக் கேள்: “வியாழன் 6 மணிக் கூட்டத்துக்கு வருவீங்களா?” ‘பார்க்கலாம்மா’ என்றால் வரமாட்டார் என்றே எழுதிக்கொள். வருகிறேன் என்பவர்களிலும் பாதிப் பேர்தான் வருவார்கள் என்பது இந்த வேலையில் புழங்கும் கணக்கு. 20 பேர் வேண்டுமென்றால் 40 பேரிடம் சம்மதம் வாங்கு, முந்தின நாள் எல்லோருக்கும் போன் செய். பேசிவிட்டு வெளியே வந்ததும் குறிப்பு எழுதிவிடு. ஆனால் ஒருவரின் குடியுரிமை நிலையை மட்டும் எங்கேயும் எழுதிவைக்காதே. அவர் நம்பிச் சொன்னது அது.

கதவைத் தட்டப் போனால் ஜோடியாகப் போ. தட்டியதும் இரண்டடி பின்னால் தள்ளி நில். தபால் பெட்டிக்குள் நோட்டீஸ் போடாதே, அது ஃபெடரல் சட்டப்படி குற்றம். தண்ணீர், தொப்பி, பழகின ஷூ.

அம்மா அப்பாவிடம் லட்சியம் பேசுவதைவிட ஆஃபர் லெட்டர், தங்குமிட முகவரி, மேற்பார்வையாளர் போன் நம்பர் மூன்றையும் கையில் கொடு. அவர்களுடைய பயம் நியாயமானது.

கடைசி வாரத்தில் புது ஆட்களைத் தேடாதே. நீ பழகிய ஒவ்வொருவரையும், அடுத்து அவர்களோடு பேசப்போகிறவருக்கு நேரில் அறிமுகப்படுத்திவிட்டு வா; இல்லையென்றால் அவர்கள் உன்னை நம்பியது வீணாகிவிடும். மேற்பார்வையாளர் உன்னைப் பற்றி எழுதும் கடிதத்தையும் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கு. டபிள்யூ-2 அடுத்த ஜனவரியில்தான் வரும், அப்போது நீ எந்த ஹாஸ்டலில் இருப்பாயோ தெரியாது. அதனால் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு வா.