வழிந்த நீரும் வற்றிய கலமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கணமோ இலக்கியமோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நாமோ மோட்டார் வண்டியின் நீரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் உண்டு. இச்சிறு பொருளை அறியாமையால் ஒரு மாணவியின் வாய்ப்பும், முன்னாள் மாணவர் ஒருவரின் கையின் நலமும் எம்மாற் கெட்டன. தாம் செய்த பிழையை அறிந்தபின் மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்த்தினப் போட்டிக்காக மாணவர் அறுவரை எமது பழைய வானில் சிலாபத்திலிருந்து புத்தளத்துக்கு அழைத்துச் சென்றோம். எம்மிடம் முன்னர்க் கற்ற இளைஞர் ஒருவர் வண்டியைச் செலுத்தினார். புறப்படுமுன் அவர், "சேர், கூலன்ற் போத்தல் வழிஞ்சு கிடக்குது. ஒருக்காப் பாப்பமா?" என்றார். "வழியுதெண்டால் தண்ணி நிறைய இருக்கெண்டுதானே அர்த்தம், தம்பி. நேரமாகுது, வண்டியை எடும்" என்றோம் நாம்.

பத்துளு ஓயாவைக் கடந்து முந்தலை அணுகும்போது வெப்பங்காட்டியின் முள் செங்கோட்டைத் தொட்டது. பொனற்றின் கீழிருந்து ஆவி எழுந்தது. பிள்ளைகளுக்குப் பிந்துகிறதே என்று நாம் அவசரப்படுத்த, அவர் ரேடியேற்றர் மூடியைத் திருகினார். கொதிநீர் சீறிப் பாய்ந்து அவரது முன்கையை அவித்துவிட்டது. அவரை வைத்தியசாலையிற் சேர்ப்பித்துப் பிள்ளைகளை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சுப் போட்டி முடிந்துவிட்டது. இரண்டு மாதம் பயின்ற மாணவி ஒருத்தி பேசாமலே திரும்பினாள்.

வழிகின்ற கலம் நிறைந்த கலம் என்று நாம் கொண்டதே பிழை. வெளிப்போத்தல் வழிந்தபோது உள்ளே ரேடியேற்றர் பாதியும் வற்றியிருந்தது. இஃது எவ்வாறு நிகழும் என்பதை ஆராய்வோம்.

நீரின் தொழில்

எஞ்சினில் எரிபொருள் எரிவதால் எழும் வெப்பத்தில் ஒரு பகுதியே சில்லைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சிய வெப்பம் புகையோடும் நீரோடும் வெளியேற வேண்டும். பம்பியினால் தள்ளப்படும் நீர் எஞ்சினைச் சூழ்ந்து வெப்பத்தை ஏற்று, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிற் காற்றுக்கு அதனைக் கொடுத்துவிட்டு மீள்கிறது.

ஆதி வண்டிகளில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதே முறையாக இருந்தது. 1888ஆம் ஆண்டில் பேர்த்தா பென்ஸ் அம்மையார் ஜேர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிச் சென்ற வண்டிக்கு வழிநெடுக நீர் ஊற்ற வேண்டியிருந்தது. பின்னர் வில்ஹெல்ம் மேபாக் என்பார் 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டிக்கு எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழாய்களைக் கொண்ட தேன்கூட்டு ரேடியேற்றரை அமைத்தார். அதன்பின் குறைந்த நீரே போதுமாயிற்று. இக்கால வண்டியிலோ நீர் அடைபட்ட சுற்றில் ஓடுகிறது. ஆகவே அஃது அடிக்கடி குறையுமாயின், அதனை இயல்பென்று கொள்ளாது குற்றத்தின் குறியென்றே கொள்ளல் வேண்டும். குறைந்த நீரை ஊற்றுவதோடு அமையாது, அது போன வழியையும் தேடவேண்டும்.

வழிதல் ஏன்?

ரேடியேற்றர் மூடி வெறும் மூடியன்று. இரண்டு வால்வுகளைக் கொண்ட கருவி. நீர் சூடேறி விரியும்போது மூடியின் வில் அதனை அழுத்தி வைத்திருக்கிறது. அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலையும் உயரும். திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், இம்மூடியின் கீழ் 120 பாகையளவிலும் கொதியாதிருக்கும். மூடியைச் சடுதியாகத் திறந்தால் அழுத்தம் நீங்குவதால், அந்நீர் அக்கணமே கொதித்துப் பொங்கிப் பாயும். எம் மாணவரின் கையைச் சுட்டது இதுவே.

அழுத்தம் எல்லை கடந்தால் மிகுந்த நீர் சிறு இறப்பர் குழாய் வழியாகப் போத்தலுக்குச் செல்லும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் தோன்ற, இரண்டாம் வால்வு திறந்து அந்நீரை மீள உறிஞ்சிக்கொள்ளும். எமது வண்டியில் அக்குழாய் மூடியின் அருகே வெடித்திருந்தது. சூட்டில் நீர் போத்தலுக்குப் போயிற்று. ஆறுகையில் நீருக்குப் பதிலாக வெடிப்பின் வழியே காற்றே உள்ளே புகுந்தது. இவ்வாறு நாள்தோறும் போத்தல் நிறைய, ரேடியேற்றர் வற்றியது.

வழிதலுக்கு வேறு காரணங்களும் உள. மூடியின் வில் தளரலாம், தேர்மோஸ்ரற் திறவாதிருக்கலாம், விசிறி சுழலாதிருக்கலாம், போத்தலில் மேற்கோட்டுக்கு மேல் நீர் ஊற்றியிருக்கலாம். போத்தலில் இடைவிடாது குமிழி எழுந்தாலோ, புகை வெண்ணிறமாய் ஓயாது வந்தாலோ, எஞ்சின் எண்ணெய் பால் கலந்தாற்போல் மாறினாலோ ஹெட் கஸ்கற் பழுதாகியிருத்தல் கூடும். அவ்வண்டியை மேலும் ஓட்டலாகாது.

எந்நீர் ஏற்றது?

எமது கரையோரத்தார் இதனைச் சிறப்பாக உணர வேண்டும். புத்தளத்துச் சீமெந்துக்கு அறுவக்காட்டில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் இப்பகுதி நிலத்தின் கீழும் பரந்து கிடக்கிறது. அக்கல்லிடையே ஊறும் நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். கேத்தலின் அடியில் வெண்மையாய்ப் படிவது அதுவே. ரேடியேற்றரின் நுண்குழாய்களிலும் அது படிந்து வழியை அடைக்கும்; வெப்பத்தையும் வெளிவிடாது தடுக்கும். கடலோரக் கிணற்றின் உவர்நீரோ உலோகத்தை அரித்துவிடும்.

நுரைச்சோலை அனல் மின்னிலையத்தைப் பாருங்கள். கடலருகே அமைந்து கடல்நீராற் குளிர்விக்கப்படும் அந்நிலையத்திலும், கொதிகலத்தினுள் ஓடுவது தூய்மை செய்யப்பட்ட நீரே. கடல்நீர் குழாய்ச்சுவரின் மறுபுறம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு செல்லும்; உள்நீரோடு கலவாது.

வண்டிக்கும் தயாரிப்பாளர் விதித்த கூலன்றே ஏற்றது. செறிந்த கூலன்றாயின் வடித்த நீரோடு பெரும்பாலும் சரிபாதியாகக் கலப்பர். உறைபனி இல்லாத நாட்டில் இஃது எதற்கு என்பார் உளர். அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆயின் அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளும் நாய் பூனைகளும் அணுகாதவாறு அதனை வைத்தல் வேண்டும்.

வழியிற் செய்யத்தக்கன

1. முள் செங்கோட்டை நோக்கி ஏறியவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க. "அடுத்த சந்தி வரை போவோம்" என்பது எஞ்சினின் தலையை வளைத்துவிடும்.

2. மூடியைத் தொடற்க. அரைமணி நேரத்துக்குக் குறையாது ஆறவிடுக. ரேடியேற்றரின் மேற்குழாய் கைக்குச் சூடாக இருக்குமளவும் காத்திருக்க.

3. ஆறியபின் தடித்த துணியால் மூடியைப் பொத்தி, முகத்தை விலக்கி, முதற்பிடி வரை மட்டும் திருகுக. ஓசை முற்றும் அடங்கியபின் திறக்க. சில வண்டிகளில் இம்மூடி போத்தலின் மேலேயே இருக்கும். அதற்கும் விதி இதுவே.

4. சூடான எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றற்க, உலோகம் வெடிக்கும். வேறு வழியின்றிக் கிணற்றுநீரை ஊற்ற நேர்ந்தால், ஊர் சேர்ந்ததும் அதனை வடித்துக் கழுவுக.

5. குழாய்கள், அவற்றின் பட்டிகள், நீர்ப்பம்பி, வண்டி நின்ற நிலம் ஆகியவற்றில் ஈரமுண்டோ என நோக்குக. ஈரம் காணாதபோதும் நீர் குறையுமாயின், கராஜில் அழுத்தச் சோதனை செய்விக்க.

அவ்விளைஞரின் கை ஆறிவிட்டது. வடு மட்டும் உண்டு. இன்றும் எம்மைக் காணுமிடத்து அக்கையாலேயே வணங்குகிறார். வெடித்த குழாயை மாற்றிய செலவு, அன்று பிள்ளைகளுக்கு வாங்கிய பணிசினதும் வாழைப்பழத்தினதும் விலையிலும் குறைவாயிருந்தது. கற்பித்தவர் நாம், ஆயினும் அன்று சரியான வினாவைக் கேட்டவர் அவரே. அவ்வினாவுக்குச் செவிகொடுத்திருப்பின் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

விழாவுக்கு நெடுந்தூரத்திலிருந்து வண்டியில் வரும் பழைய மாணவர்களே, புறப்படும் நாட்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, போத்தலைப் பார்ப்பதோடு நில்லாது மூடியைத் திறந்து உள்ளேயும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கூட வருபவர் ஐயமொன்று கூறினால், அவர் வயதிற் சிறியவராயினும், நின்று கேளுங்கள்.