தேம்ஸ் நதியின் கீழ் ஒரு சுரங்கவழி

நகரங்களின் கீழே சுரங்கவழி அமைப்பதில் அரியது மண்ணைத் தோண்டுதலன்று. தோண்டிய இடத்தில் சுவர் எழும்வரை எஞ்சிய மண் சரியாவண்ணம் தாங்குதலே. லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின்கீழ் மார்க் பிரூனல் என்னும் பொறியாளர் 1825-ல் தொடங்கிய வேலை இதற்குத் தக்க சான்றாகும்.

கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒருவகைப் புழு, தலையிலுள்ள ஓடுகளால் அரித்து முன்னேறுகையில், தான் கடந்த வழிக்குச் சுண்ணப்பூச்சிட்டுச் செல்லும். இதனைக் கண்டே அவர் தம் இரும்புக் கேடயத்தை வகுத்தாரென்பர். அதில் 12 சட்டங்கள்; ஒவ்வொன்றிலும் மூன்று அறைகள்; ஆக 36 பேர் ஒருங்கே நின்று வேலை செய்யலாம். ஒவ்வொருவன் எதிரிலும் மண்ணைத் தாங்கும் பலகைகள் அடுக்கப்பட்டிருக்கும். அவன் ஒரு பலகையை மட்டும் அகற்றி, நாலரை அங்குலம் வெட்டி, அதனை மீண்டும் முட்டுக்கொடுத்து நிறுத்திய பின்னரே அடுத்ததைத் தொடுவான். பின்பு, கட்டிய சுவரைப் பிடிமானமாகக் கொண்டு சட்டம் திருகுகளால் முன்னே தள்ளப்படும்; கொத்தர் உடனே செங்கல் அடுக்குவர். நமக்கு இஃது எறும்பூர்தல்போலத் தோன்றும். ஆயினும் அங்கே விரைவுக்கு இடமேது?

இத்துணை எச்சரிக்கையும் போதவில்லை. களிமண்ணை எதிர்பார்த்த இடத்தில் சரளையும் மணலும் வந்தன. 1827 மே மாதத்தில் நதி உள்ளே பாய்ந்தது. படுகையின் துளையைக் களிமண் மூட்டைகளால் அடைத்து வேலையைத் தொடர்ந்தனர். 1828 ஜனவரியில் மீண்டும் வெள்ளம் புக, அறுவர் மாண்டனர். பிரூனலின் மைந்தர் இசம்பார்டு அரிதின் உயிர் தப்பினார். பணமுந் தீர்ந்து, ஏழாண்டுகள் வேலை நின்றது.

1,300 அடி நீளமுள்ள அவ்வழி 1843 மார்ச்சில் திறக்கப்பட்டபோது, குதிரை வண்டிகள் இறங்குதற்குரிய சாய்வுப்பாதைகள் கட்டப் பொருளில்லை, நடப்போரே சென்றனர். 1869-ல் அதனூடே ரயில் ஓடத் தொடங்கிற்று, இன்றும் ஓடுகின்றது.