பட்டியலில் பெயர் இல்லாத நாள்



இந்த மாதப் பாடத்தை எழுதும் முறை எனக்கு வந்திருக்கிறது. சாதித்த ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எடுத்திருப்பது ஒரு காற்பந்து ஆட்டக்காரரை. பெயர் வெஸ்டன் மெக்கென்னி. அமெரிக்கர். இத்தாலியின் யுவெந்தஸ் குழுவில் மத்தியத் திடல் ஆட்டக்காரராக ஆடிப் பெயர் வாங்கியவர். "மெஸ்ஸி இருக்காரு, ரொனால்டோ இருக்காரு, அவங்கள விட்டுட்டு ஏன் இவரு?" என்று என் தங்கையே கேட்டாள். காரணம் இருக்கு. மெஸ்ஸியின் காலில் இருப்பது நமக்கு வராது. ஆனால் மெக்கென்னி செய்த தவறுகளை நாம் எல்லாருமே செய்கிறோம். அதிலிருந்து அவர் எழுந்து வந்த விதம் நமக்கும் கைகூடும்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புத் திட்டப்பணி. எங்கள் குழுவில் ஐந்து பேர். இரவு எட்டு மணிக்குக் கலந்துரையாடல் என்றால் நான் ஃபுட்சல் ஆடப் போய்விடுவேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. என் பங்கு ஒரு சின்ன கியர்பெட்டியின் வரைபடம். அதை மற்ற நால்வரும்தான் விடிய விடிய உட்கார்ந்து முடித்தார்கள். கடைசியில் அறிக்கையின் முதல் பக்கத்தைப் பார்த்தால் நான்கு பெயர்தான். என் பெயர் இல்லை. எடுத்தது குழுத் தலைவர். போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்தவர், எங்களைவிட மூன்று வயது மூத்தவர், எல்லாரும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பாடம் போச்சு. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்ப எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று மாதம் அந்த அண்ணனைத் திட்டிக்கொண்டே திரிந்தேன்.

அந்த விடுமுறையில்தான் மெக்கென்னியின் கதையை முழுசாகப் படித்தேன்.

1. விமானப்படைக்காரர் மகன்

மெக்கென்னி பிறந்தது 1998 ஆகஸ்டு 28. அப்பா அமெரிக்க விமானப்படையில் இருந்தவர். வேலை மாற்றலாகி ஜெர்மனிக்குப் போனபோது மெக்கென்னிக்கு ஆறு வயது. ராம்ஸ்டைன் விமானத் தளத்துக்குப் பக்கத்தில், கைசர்ஸ்லௌட்டர்ன் நகரை ஒட்டிய ஓட்டர்பாக் என்ற சிற்றூரில் குடும்பம் தங்கியது. அந்த ஊரின் சிறுவர் குழுவில்தான் பையன் பந்தை உதைக்கக் கற்றுக்கொண்டான். மொழி தெரியாத ஊரில் கூட்டாளி பிடிக்கப் பந்து போதும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

இங்கே ஒரு சுவையான செய்தி. 2006இல் உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்தது. அமெரிக்காவும் இத்தாலியும் மோதிய ஆட்டம் அதே கைசர்ஸ்லௌட்டர்னில். 1-1 என்று முடிந்தது. இத்தாலியின் மத்தியத் திடலில் அன்று ஆடியவர் அண்ட்ரியா பிர்லோ. அப்போது பக்கத்து ஊரில் இருந்த ஏழு வயதுப் பையன், பதினான்கு ஆண்டுகள் கழித்து யுவெந்தஸில் சேர்ந்தபோது, அங்கே பயிற்றுநராக நின்றவர் அதே பிர்லோ.

2. 18 வயதில் ஒரு முடிவு

குடும்பம் டெக்சஸுக்குத் திரும்பிய பிறகு மெக்கென்னி எஃப்.சி. டாலஸ் குழுவின் இளையோர் பயிற்சிக் கழகத்தில் வளர்ந்தார். 2016இல் அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. டாலஸ் குழுவே தொழில்முறை ஒப்பந்தம் கொடுக்கத் தயார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படிக்க இடமும் இருந்தது. மூன்றாவது வழி, ஜெர்மனியின் ஷால்கே 04 குழு. அங்கே போனால் முதன்மைக் குழுவில் இடம் உறுதி இல்லை, முதலில் 19 வயதுக்குட்பட்டோர் குழுவில்தான் ஆட வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

தெரிந்த ஊரில் கிடைக்கும் சௌகரியத்தை விட்டுவிட்டு, போட்டி கடுமையாக இருக்கும் இடத்துக்கு அவர் போனார். 2017 மே 20ஆம் தேதி இங்கோல்ஸ்டாட்டுக்கு எதிராக புண்டஸ்லிகாவில் அறிமுகம். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் தேசியக் குழுவுக்காக முதல் ஆட்டம், போர்ச்சுகலுக்கு எதிராக. முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல். அந்தப் பருவத்தில் ஷால்கே லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது.

3. எங்கே போட்டாலும் ஆடுவார்

மெக்கென்னியின் பலம் என்ன? ஓட்டம், தலையால் முட்டும் திறன், எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்கும் வேகம். இதெல்லாம் போக இன்னொன்று உண்டு. ஷால்கேயில் ஆள் பற்றாக்குறை வந்தபோது அவரை நடுத் தற்காப்பிலும் வலப் பின்வரிசையிலும் போட்டார்கள். பிறகு யுவெந்தஸில் வலது ஓரத்திலும் இடது ஓரத்திலும்கூட ஆடியிருக்கிறார். "இது என் இடம் இல்லை" என்று ஒதுங்கவில்லை.

பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு அளவு ஸ்பேனர் இருக்கும். வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனரும் ஒன்று இருக்கும். அவசரத்துக்கு எல்லாரும் அதைத்தான் தேடுவோம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. வேலை முடிந்ததும் அதை எங்கே மாட்டுவது என்று பலகையில் தனி இடம் இருக்காது. எல்லா இடத்திலும் ஆடுகிறவனுக்குச் சொந்தமாக ஓர் இடம் இல்லாமல் போகலாம். மெக்கென்னி அந்த விலையையும் கொடுத்தார். அதைப் பிறகு பார்ப்போம்.

2020 ஆகஸ்டில் யுவெந்தஸ் அவரை இரவலாக எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவுக்கு ஆடிய முதல் அமெரிக்கர் அவர்தான். டிசம்பர் 5ஆம் தேதி, அதே நகரத்து எதிரிகளான டொரினோவுக்கு எதிராக 0-1 எனப் பின்தங்கியிருந்தபோது சமன் செய்யும் கோலை அடித்தார். யுவெந்தஸ் 2-1 என வென்றது. மூன்றே நாள் கழித்து பார்சிலோனாவின் கேம்ப் நோவ் திடலில், குவாட்ராடோ அனுப்பிய பந்தை அந்தரத்தில் எகிறிக் கத்தரிக்கோல் மாதிரி உதைத்து ஒரு கோல். ஆட்டம் 3-0. கோல் அடித்தால் ஹாரி பாட்டர் மந்திரக்கோலைச் சுழற்றுவது போல் கையை ஆட்டுவது அவர் வழக்கம். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அமெரிக்கக் காற்பந்துக் கூட்டமைப்பு அவருக்குக் கொடுத்தது. 2021 மார்ச்சில் யுவெந்தஸ் 1 கோடியே 85 லட்சம் யூரோ கொடுத்து அவரை நிரந்தரமாக வாங்கியது.

இதோடு நிறுத்தினால் அது வெறும் வெற்றிக் கதை. நமக்கு வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

4. இரண்டு தவறுகள்

நிரந்தர ஒப்பந்தம் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோவிட் கட்டுப்பாடு நடப்பில் இருந்த நேரத்தில் தன் வீட்டில் இரவு விருந்து வைத்தார். போலீஸ் வந்தது. விருந்தில் இருந்த டிபாலா, ஆர்த்தூர் ஆகியோரையும் சேர்த்து மூவரையும் டொரினோவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்திலிருந்து பிர்லோ நீக்கினார். நான்கு மாதத்துக்கு முன்னால் எந்த எதிரிக்கு எதிராகக் கோல் அடித்தாரோ, அதே எதிரியோடு ஆட்டம். ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது.

சரி, ஒரு தடவை தப்பு பண்ணிட்டார், திருந்தியிருப்பார் என்று நினைக்கிறோம். இல்லை. அதே 2021 செப்டம்பரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. தேசியக் குழுவின் கோவிட் விதிமுறையை மீறினார். கனடாவுக்கு எதிரான ஆட்டத்துக்குத் தடை. அது 1-1 என்று முடிந்தது. அடுத்து ஹொண்டுராஸ் பயணம். அதற்குள் பயிற்றுநர் பெர்ஹால்ட்டர் அவரைக் கிளப்புக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று மாதத்துக்கு முன்புதான், மெக்சிகோவுக்கு எதிரான நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் தலையால் முட்டிச் சமன் செய்து குழுவைக் காப்பாற்றியவர் அவர். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. திறமைக்காகக் கட்டொழுங்கைத் தளர்த்தவில்லை.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்த மாதிரி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன். அந்த பயிற்றுநர் செய்ததைத்தானே எங்கள் அண்ணனும் செய்தார்?

மெக்கென்னி தவறை மறைக்கவில்லை. விதியை மீறினேன், மன்னிக்க வேண்டும் என்று பொதுவெளியிலேயே எழுதினார். அடுத்த மாதமே பயிற்றுநர் அவரைத் திரும்ப அழைத்தார். நவம்பர் 12ஆம் தேதி சின்சினாட்டியில் மீண்டும் மெக்சிகோ. அமெரிக்கா 2-0 என வென்றது. இரண்டாவது கோல் மெக்கென்னியுடையது. 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் அமெரிக்கா ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தொடக்கப் பதினொருவரில் அவர் இருந்தார். அனுப்பிவைத்த அதே பெர்ஹால்ட்டர்தான் அப்போதும் பயிற்றுநர்.

கட்டுப்பாட்டுப் பொறியியல் பாடத்தில் மூடிய சுற்று என்று ஒன்று படிப்போம். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நல்ல உதாரணம். உள்ளே எவ்வளவு சூடு என்று உணரி அளக்கும், நாம் வைத்த அளவோடு ஒப்பிடும், வித்தியாசம் இருந்தால் இயந்திரம் சரிசெய்யும். அந்த வித்தியாசத்துக்குப் பெயரே பிழை. பிழை வருவது இயல்பு. உணரி கெட்டுப்போனால்தான் ஆபத்து, ஏனென்றால் சரிசெய்ய வேண்டும் என்பதே இயந்திரத்துக்குத் தெரியாது. "எல்லாம் அவனாலதான்" என்று அடுத்தவரைக் கைகாட்டும்போது நம் உணரியை நாமே பிடுங்கிப் போடுகிறோம். நான் மூன்று மாதம் செய்தது அதுதான்.

5. இடம் இல்லாத ஸ்பேனர்

2022 பிப்ரவரியில் வில்லாரியலுக்கு எதிரான ஆட்டத்தில் பாத எலும்பு முறிந்தது. 2023 ஜனவரியில் யுவெந்தஸ் அவரை இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட்டுக்கு இரவலாக அனுப்பியது. போன சில நாளிலேயே அங்கிருந்த பயிற்றுநர் ஜெஸ்ஸி மார்ஷ் பதவி நீக்கப்பட்டார். லீட்ஸுக்காக மெக்கென்னி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. உடல் எடையைச் சொல்லி ரசிகர்கள் கேலி செய்தார்கள். மே மாதம் லீட்ஸ் பிரீமியர் லீக்கிலிருந்தே கீழே இறங்கியது.

யுவெந்தஸுக்குத் திரும்பினால் அங்கேயும் விற்றுவிடத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் வலது ஓரத்திலும் மத்தியிலும் ஓடி ஓடி ஆடி, லீக்கில் ஏழு கோல்களுக்கு வழியமைத்துக் கொடுத்தார். 2024 மே மாதம் யுவெந்தஸ் இத்தாலியக் கிண்ணத்தை வென்றது.

அப்பாடா என்று உட்கார முடிந்ததா? இல்லை. 2024இல் தியாகோ மோட்டா புதுப் பயிற்றுநராக வந்தார். அவர் திட்டத்தில் மெக்கென்னி இல்லை. பட்டியலில் மறுபடியும் பெயர் இல்லை. இந்தத் தடவை அவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தப்பே செய்யாமலும் ஒதுக்கப்படுவோம். வாழ்க்கையில் இது இரண்டுமே வரும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஆகஸ்டில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு அவர் குழுவில் தங்கினார். செப்டம்பர் 17ஆம் தேதி சாம்பியன்ஸ் லீக்கில் பி.எஸ்.வி. குழுவுக்கு எதிராக ஒரு கோல். டிசம்பர் 11ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டியை யுவெந்தஸ் 2-0 என வீழ்த்தியபோது இரண்டாவது கோல், தரையைத் தொடாத பந்தை அப்படியே உதைத்தது, மெக்கென்னியுடையது.

6. ஒரு கைப்பட்டை

ஒன்றைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபுளோய்ட் போலீஸ் பிடியில் இறந்தார். மே 30ஆம் தேதி ஷால்கேக்காக ஆடிய மெக்கென்னி, அவருக்கு நீதி கேட்டு எழுதிய கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு திடலில் இறங்கினார். அரசியல் வாசகங்களுக்குத் திடலில் தடை உண்டு, தண்டனை வரலாம். அப்போது அவருக்கு வயது 21. நம் வயது. ஜெர்மன் காற்பந்துச் சங்கம் விசாரித்துவிட்டு நடவடிக்கை வேண்டாம் என்று முடிவு செய்தது. விருந்து வைத்து விதியை மீறியவரும் அவர்தான், நீதிக்காக விதியைப் பணயம் வைத்தவரும் அவர்தான். ஒரு மனிதரை ஒரே சம்பவத்தை வைத்து எடை போட வேண்டாம் என்பதை இதில் நான் கற்றுக்கொண்டேன்.

என் பக்கம்

விடுமுறை முடிவதற்கு முந்தின இரவு அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் இவ்வளவுதான் போனது: "ண்ணே, தப்பு என்மேலதான். உங்க நாலு பேரையும் தூங்க விடாம பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க." பதில் வர ஒரு நாள் ஆனது. "சரிடா. கியர்பெட்டி ஃபைல் என்கிட்ட இருக்கு. பாத்து படி, ஆனா காப்பி அடிக்காத."

அப்பாவிடமும் அப்போதுதான் சொன்னேன். அதுவரை எல்லாப் பாடமும் தேர்ச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அது மட்டும்தான்.

இப்போது அதே பாடத்தைத் திரும்ப எடுக்கிறேன். எட்டு மணிக் கூட்டத்துக்கு ஏழே முக்காலுக்கே போய்விடுகிறேன். ஃபுட்சல் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அடுத்த வாரம் அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஐந்து பெயர் இருக்கிறது. ஐந்தாவது என்னுடையது.

குழுவாக அமர்ந்து பேசுவதற்குச் சில கேள்விகள்:

1. உங்களை ஒரு பொறுப்பிலிருந்து நீக்கியபோது முதலில் யாரைக் குறை சொன்னீர்கள்? இப்போது யோசித்தால் அது சரியா?

2. திறமையான ஒருவர் விதியை மீறினால், குழுத் தலைவராக நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் நெருங்கிய நண்பராக இருந்தால்?

3. நம் தவறால் வந்த தோல்வி, நம் தவறில்லாமல் வந்த தோல்வி: இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

4. இன்று இரவே மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா? இந்தக் கேள்விக்கு மட்டும் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டாம். கைப்பேசியை எடுத்தால் போதும்.