வீடியோ பாடம் ஏன் திக்குகிறது?

அறிவியல் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் கணிப்பொறி தலையாயது என்பதை யாவரும் அறிவர். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இன்று தா.பழூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தும் கேட்கலாம். வீட்டில் ஐயம் கேட்கப் படித்தவர் எவரும் இல்லாத என் போன்றோர்க்கு அந்த வீடியோவே வீட்டு ஆசிரியர். ஆனால் சில வேளைகளில் பாடம் பாதியில் திக்குகிறது. ஒலி வருகிறது, படம் வருவதில்லை. படம் வந்தால் அதில் பச்சைத் திட்டுகள். உடனே ‘கணிப்பொறி கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கெட்டது கணிப்பொறி அன்று. குறை கோப்பில் உள்ளதா, அதை விரிக்கும் மென்பொருளில் உள்ளதா, கருவியின் ஆற்றலில் உள்ளதா என்று பிரித்து அறிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கான வழியை ஈண்டுக் காண்போம்.

சுருக்குதலும் விரித்தலும்

முதலில் ஒரு சிறு கணக்கு. அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில், புள்ளிக்கு 3 பைட் வீதம், சுமார் 62 லட்சம் பைட்டுகள் உண்டு. நொடிக்கு 25 படங்கள் என்றால் ஏறத்தாழ 15 கோடியே 55 லட்சம் பைட்டுகள். இப்படியே சேமித்தால் 500 ஜி.பி. வட்டு 54 நிமிடங்களுக்குள் நிரம்பிவிடும்! எனவே வீடியோவைச் சுருக்கியே சேமிக்கின்றனர். ஆசிரியர் பேசும்போது கரும்பலகை அசைவதில்லை. அவர் கையும் உதடும்தான் அசைகின்றன. ஆகவே முழுப்படம் ஒன்றைப் பதிந்துவிட்டு, அடுத்து வரும் படங்களில் மாற்றத்தை மட்டும் குறிக்கின்றனர். இவ்வாறு சுருக்கவும் பின்னர் விரிக்கவும் உதவும் முறைக்குக் ‘கோடெக்’ என்று பெயர். எச்.264 என்னும் முறை 2003-இல் வந்தது. அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரும் நோக்குடன் எச்.265 முறை 2013-இல் வந்தது.

சாக்கும் நெல்லும்

கோப்பின் பெயர் இறுதியில் காணும் எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. ஆகியவை கோடெக்கின் பெயர்கள் அல்ல. அவை கொள்கலனின் பெயர்கள். சாக்கைப் பார்த்து உள்ளே இருக்கும் நெல் இன்னதென்று சொல்ல முடியுமா? குத்தூசி விட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எம்.பி.4 என்னும் ஒரே சாக்கில் எச்.264-உம் இருக்கலாம், எச்.265-உம் இருக்கலாம். எனவே பெயரின் வாலை மட்டும் மாற்றுவதால் பயன் ஏதுமில்லை.

நமக்குக் குத்தூசியாக உதவுவது வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருள். பாரிசை அடுத்த எக்கோல் சென்ட்ரால் என்னும் கல்லூரியின் மாணவர்கள், தம் வளாக வலையமைப்பில் வீடியோவை அனுப்பிக் காண்பதற்காக 1996-இல் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது இது. 2001-இல் யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. மாணவர் முயற்சி உலகெங்கும் பரவியது நமக்கும் ஊக்கம் தருவதன்றோ! இதில் வீடியோ ஓடும்போது கண்ட்ரோல் விசையுடன் ‘ஜே’ விசையை அழுத்தினால் உள்ளிருக்கும் கோடெக்கின் பெயர் தெரியும்.

மூன்று சோதனைகள்

ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி அளவெடுக்கிறோம். அவ்விதியே இங்கும் பொருந்தும்.

1. அதே கணிப்பொறியில் வேறொரு வீடியோவை ஓட்டுக. அது நன்றாக ஓடினால் கணிப்பொறி பொதுவில் நலமே. குறை முதல் கோப்பிலோ அதன் கோடெக்கிலோ இருக்கலாம்.

2. அதே கோப்பை வேறு கணிப்பொறிகளில் ஓட்டுக. எங்குமே ஓடாவிட்டால் கோப்பு பழுது. ஓரிடத்தில் ஓடினாலும் கோப்பு நலம்.

3. அதே கணிப்பொறியில் அதே கோப்பை வேறு மென்பொருளில் ஓட்டுக. ஓடினால் முதல் மென்பொருளில் அந்தக் கோடெக் இல்லை, அல்லது அதன் அமைப்பில் குறை உள்ளது என்று கொள்க.

குறிகளும் தீர்வுகளும்

கோப்பு திறக்கவே இல்லையென்றால் மூலக் கோப்பின் அளவோடு ஒப்பிடுக. எம்.பி.4 கோப்புகள் பலவற்றில் பொருளடக்கம் போன்ற பகுதி கடைசியில் இருக்கும். பிரதி முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கினால் அப்பகுதி வந்து சேராது. மீண்டும் முழுமையாகப் பிரதி எடுப்பதே மருந்து.

பச்சைத் திட்டு ஒரே கோப்பில், ஒரே நிமிடத்தில் எப்போதும் தோன்றினால் அவ்விடத்தில் கோப்பு பழுது. எல்லா வீடியோக்களிலும் தோன்றினால் வரைகலைச் சில்லு விரிக்கும் வேலையில் கோளாறு இருக்கக்கூடும். வி.எல்.சி.யில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று சென்று, ‘ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்’ என்பதை ‘டிசேபிள்’ ஆக்கிப் பார்க்கலாம்.

ஒலி முந்தினால் ‘கே’ விசையையும், பிந்தினால் ‘ஜே’ விசையையும் அழுத்தி ஒலியையும் படத்தையும் ஒன்றுசேர்க்கலாம்.

படம் விட்டுவிட்டு ஓடினால், பென்டிரைவிலிருந்து நேரே ஓட்டாமல் கோப்பை வட்டில் பதிந்து ஓட்டுக. பிறகும் திக்கினால், முன்சொன்ன கண்ட்ரோல்-ஜே சாளரத்தில் புள்ளிவிவரப் பக்கத்தைக் காண்க. இழந்த படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கருவி வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் ஒரு தங்கையிடம், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவள் சித்தப்பா பெற்ற கருவி இருந்தது. ஆசிரியை கைப்பேசியில் எடுத்து அனுப்பிய கணக்குப் பாடங்கள் அதில் திக்கின. பழுது பார்க்கும் கடையில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும் என்றார்களாம். அழித்திருந்தால் அவள் ஓராண்டாகச் சேர்த்த குறிப்புகளும் போயிருக்கும். மூன்று சோதனைகளையும் செய்தோம். பழைய வீடியோக்கள் நன்றாக ஓடின. புதிய பாடங்கள் என் தோழரின் கணிப்பொறியில் தடையின்றி ஓடின. உள்ளே பார்த்தால் எச்.265! 2013-க்கு முற்பட்ட சில்லுகளில் அதை விரிக்கத் தனி உறுப்பு கிடையாது. சுமை முழுதும் மையச் செயலியின் தலையில் விழுகிறது. தோழரின் கணிப்பொறியில், வி.எல்.சி.யின் ‘கன்வர்ட்/சேவ்’ வசதியால், உயரம் 720 புள்ளிகளாகக் குறைத்து எச்.264-க்கு மாற்றினோம். பாடம் திக்காமல் ஓடியது. செலவு ஏதுமில்லை.

ஓர் எச்சரிக்கை

‘கோடெக் பேக்’ என்று முன்பின் அறியாத தளங்கள் தருவனவற்றை நிறுவ வேண்டா. நச்சு நிரல் நுழையக்கூடும். வி.எல்.சி.யை அதன் சொந்தத் தளத்திலிருந்தே பெறுக. அத்தளம் 2022-இல் இந்தியாவில் சில மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது.

நோயின் முதலை அறியாமல் மருந்து கொடுப்பவன் மருத்துவன் அல்லன். பழைய கருவியைக் குறை கூறுமுன் குறை எங்கே என்று கேட்போம். நண்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் ஒரு மாணவரின் கணிப்பொறியிலேனும் இம்மூன்று சோதனைகளைச் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.