மேற்கோள் பட்டியலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன் நம் ஆய்வாளர்கள் கடைசி நாட்களை எதில் செலவிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மேற்கோள் பட்டியலில்தான். எங்கே சாய்வெழுத்து, எங்கே கமா, ஆண்டு அடைப்புக்குறிக்குள் வருமா வராதா என்று கண் வலிக்கப் பார்ப்பார்கள். அந்த உழைப்பில் பாதி வேண்டாத இடத்தில் போய்ச் சேர்கிறது என்பதுதான் என் வருத்தம். சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்குக் கைமாறி வரும் சில நம்பிக்கைகளே அதற்குக் காரணம்.

நம்பிக்கை: வடிவம் பிசகினால் கட்டுரையைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சில இதழ்கள் அப்படிச் செய்வது உண்டு. ஆனால் எல்சேவியர் நிறுவனம் 2011இல் ஓர் இதழில் தொடங்கிய புதிய நடைமுறை இன்று பரவலாகிவிட்டது. முதல் முறை அனுப்பும்போது மேற்கோள்கள் எந்த வடிவத்திலும் இருக்கலாம். பட்டியல் முழுக்க ஒரே சீராக இருந்தால் போதும். டெய்லர் அண்ட் பிரான்சிஸின் பல இதழ்களும் இதை ஏற்கின்றன. ஓர் இதழ் மறுத்ததும் அடுத்த இதழுக்காகப் பட்டியலை முதலிலிருந்து மாற்றி எழுதத் தொடங்கும் முன், அந்த இதழின் 'ஆசிரியர்களுக்கான குறிப்புகள்' பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பல நாள் உழைப்பு மிச்சமாகலாம்.

நம்பிக்கை: ஹார்வர்டு வடிவம் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வகுத்த விதி.

இல்லை. ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தை ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் தந்தார். அந்த வழக்கத்துக்கு அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. இதற்கென்று அதிகாரபூர்வமான ஒரே கையேடு கிடையாது. அதனால் ஓர் இதழ் 'ஹார்வர்டு' என்று கேட்டால், அந்த இதழின் அண்மை வெளியீட்டைத் திறந்து அதில் உள்ளபடி அமைப்பதே வழி. ஏபிஏ வடிவத்துக்குக் கையேடு உண்டு, ஆனால் அதுவும் மாறிக்கொண்டே வருகிறது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு, பதிப்பகம் இருக்கும் ஊரைக் குறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம்மில் பலர் இன்னும் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை: ஜோட்டெரோ, மெண்டலே போட்டுவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

இந்த மென்பொருள்களை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். ஆனால் அவை தம்மிடம் வந்து சேர்ந்த தகவலைத்தான் அடுக்கித் தரும். தகவல் தப்பாக வந்தால் தப்பு அழகாக அடுக்கப்படும். தமிழர் பெயர்களில் இது அடிக்கடி நேர்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துதான். ச. முருகன் என்பவர் ஆய்விதழின் படிவத்தில் முருகன் சண்முகம் என்று நிரப்பினால், மென்பொருள் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'சண்முகம், மு.' என்று எழுதிவிடும். மகன் செய்த ஆய்வு அப்பா பெயரில் போய்விடும். அடுத்த கட்டுரையில் அவரே வேறு மாதிரி எழுதினால், தரவுத்தளத்தில் இரண்டு ஆட்களாகிவிடுவார். ஒரே பெயர் வடிவத்தை முதல் கட்டுரையிலேயே முடிவு செய்வதும், ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணைப் பெற்றுக்கொள்வதும் இதைப் பெருமளவு தடுக்கும். பிறரை மேற்கோள் காட்டும்போது மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துத் திருத்துவது நம் கடமை.

நம்பிக்கை: நல்ல கட்டுரையின் பட்டியலிலிருந்து எடுத்தால் அது சரியாகத்தான் இருக்கும்.

மிகப் பெரிய தீங்கு இங்கேதான். மிகைல் சிம்கின், வாணி ராய்சௌத்ரி இருவரும் 2003இல் புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையின் 4,300 மேற்கோள்களை ஆராய்ந்தார்கள். 196இல் அச்சுப்பிழை இருந்தது. ஆனால் தனித்தனிப் பிழைகள் 45தான். ஒரே தவறான பக்க எண் மட்டும் 78 முறை வந்திருந்தது. 78 பேரும் தனித்தனியாக அதே தவறைச் செய்திருக்க முடியாது. ஒருவர் பட்டியலை இன்னொருவர் எடுத்திருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படித்திருப்பார் என்று அவர்கள் கணித்தார்கள்.

இல்லாத கட்டுரைகூட மேற்கோளாகியிருக்கிறது. எல்சேவியரின் வழிகாட்டிப் பக்கத்தில் மாதிரிக்காகப் போட்ட ஒரு கற்பனைக் கட்டுரையை ஏறத்தாழ 400 கட்டுரைகள் பட்டியலில் சேர்த்திருந்ததை ஆன்-வில் ஹார்சிங் 2017இல் வெளிப்படுத்தினார். வார்ப்புருவிலிருந்த மாதிரி வரியைப் பலர் நீக்காமலே விட்டிருந்தார்கள்.

பக்க எண் தவறியதால் யாரும் சாகவில்லை. 1980இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஐந்து வாக்கியக் கடிதத்தின் கதை வேறு. மருத்துவமனையில் தங்கி ஓபியம் வகை வலிநீக்கி பெற்ற நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிதாகவே உண்டானது என்றது அது. 2017இல் அதே இதழில் வந்த ஓர் ஆய்வு, அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 ஆக்கங்களைத் தேடிப் படித்தது. 439 ஆக்கங்கள் அடிமைத்தனம் அரிது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியிருந்தன. கடிதம் பேசியது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றி மட்டுமே என்பதை 491 ஆக்கங்கள் சொல்லவே இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களுக்கும் அதுவே ஆதாரமாயிற்று. அமெரிக்காவின் ஓபியாய்டு பேரழிவுக்கு அதுவும் துணை போனது என்கிறது அந்த ஆய்வு. இதழ்ப் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் துல்லியமாக இருந்தாலும், மூலத்தைத் திறந்து அந்த ஐந்து வாக்கியங்களைப் படிக்காதவருக்கு இந்தத் தவறு கண்ணில் பட்டிருக்காது.

நம்பிக்கை: டிஓஐ எண் இருந்தால் நம்பகமான கட்டுரை.

கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண், வீட்டுக் கதவிலக்கம் மாதிரி. உள்ளே யார் இருக்கிறார் என்று அது சொல்லாது. எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டு 'லான்செட்' கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் டிஓஐ இன்றும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ இல்லாத கட்டுரைக்கும் டிஓஐ எழுதித் தருகின்றன, அதுவும் பிசகில்லாத ஏபிஏ வடிவத்தில். எண்ணைத் தட்டினால் பக்கம் திறந்துவிட்டது என்பதோடு நிற்க வேண்டாம். வேறு யாருடைய கட்டுரையாவது திறக்கலாம். தலைப்பும் ஆசிரியர் பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

நம்பிக்கை: ஆங்கில இதழ்க் கட்டுரையில் தமிழ் நூல்களைச் சேர்க்கக் கூடாது.

இப்படி ஒரு விதியே இல்லை. ஏபிஏ தெளிவாகவே வழி சொல்கிறது: தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, ஆங்கிலப் பொருளைச் சதுர அடைப்புக்குள் தர வேண்டும். ஒலிபெயர்ப்பு முறை எதுவானாலும் பட்டியல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறை ஆய்வுலகுக்குப் பழக்கமானது. சங்கப் பாடலைக் காட்டும்போது பாட்டு எண்ணோடு நீங்கள் கையில் வைத்திருந்த பதிப்பையும் குறியுங்கள். உ.வே. சாமிநாதையரின் 1894 புறநானூற்றுப் பதிப்பா, அதன் பிறகு வந்த வேறொருவர் உரைப்பதிப்பா என்று தெரிந்தால்தான், பாடவேறுபாடு உள்ள இடத்தில் உங்கள் வாதம் எந்தச் சொல்லை நம்பி நிற்கிறது என்பதை வாசகர் சரிபார்க்க முடியும்.